காலிச் சாவி

பூட்டக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது விசைப்பலகைதான். அந்தப் புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு அது வாங்கிய அடியின் சத்தத்தைக் கேட்டு, பக்கத்து மேசைக்காரர் தன் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரமாகப் போய் நின்றார். அவர் எட்டு வருஷமாக அந்த மேசையில் இருப்பவர். எப்போது நகர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. யார் என்ன கம்ப்யூட்டர் நிரலை எழுதிக்கொண்டு வந்து காட்டினாலும் "இதுக்குப் பூட்டு எங்கே?" என்று கேட்டுக் கேட்டு அவள் பூட்டக்கா ஆகிவிட்டாள். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், பாஸ்வேர்டை இன்னொருவரிடம் சொல்ல மனசு வரவில்லை என்பாள். கேட்டவர்கள் மறுமுறை கேட்பதில்லை.

அவள் வேலை பரண். வீட்டுப் பரணில் சாமான் ஏற்றி வைப்பதுபோல, படமோ கடிதமோ எக்ஸ்ரேயோ எதுவானாலும் தன் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே போட்டு வைத்து, எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள உதவும் மென்பொருள் அது. பெரிய நிறுவனங்களின் கிளவுடுக்கு மாதா மாதம் வாடகை கட்ட முடியாதவர்களுக்காக, பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு மின்விசிறி இருந்த அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து எழுதியது. ஒருத்தி பூட்டக்கா. இன்னொருவர் கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருஷம் மூத்தவர். அந்த அறைக்கு அவ்வப்போது சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த பூட்டக்காவின் அக்காவைப் பார்த்ததும், நிரல் எழுதுவதில் காட்டாத வேகத்தையெல்லாம் காட்டி அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து அவர் அத்தான்.

பரணின் மூல நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கும். யாரும் படிக்கலாம், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், குறை கண்டால் புகார் எழுதலாம். பிற்பாடு அத்தான் அதே பரணை வைத்து ஒரு கம்பெனி தொடங்கினார். பணம் கட்டுகிற பெரிய வாடிக்கையாளர்களுக்குப் பரணை அமைத்துப் பராமரித்துக் கொடுக்கிற கம்பெனி. அவர் முதலாளி ஆனார், பூட்டக்கா சம்பளக்காரி ஆனாள். இலவசப் பரணும் கூடவே வளர்ந்தது. அதை எத்தனை பேர் எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள் என்பது இருவருக்குமே தெரியாது. யாரும் கேட்டுவிட்டு எடுப்பதில்லை.

விசைப்பலகை அடி வாங்கியதற்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். எங்கோ ஒரு கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிற பெண் எழுதியிருந்தாள். நாய்களின் எக்ஸ்ரே படங்களை அவர்கள் இலவசப் பரணில் வைத்திருக்கிறார்கள். நேற்று மதியம் யாரோ வெளியாள் கோப்புகளின் பட்டியலை எடுத்திருக்கிறார். பிறகு ஒரு படத்தை இறக்கியிருக்கிறார். "நாங்கள் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. ஆனால் முத்திரை சரி என்று பரண் பதிவு செய்திருக்கிறது. நான் எதையாவது தப்பாக அழுத்திவிட்டேனா?" என்று கேட்டு, பரணின் பதிவு வரிகளையும் கீழே ஒட்டியிருந்தாள்.

அந்தப் பெண் எதையும் தப்பாக அழுத்தவில்லை. பரணிலிருந்து ஒரு கோப்பை எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும், சீட்டில் முத்திரை வேண்டும். அந்த முத்திரையைப் போட இரகசியச் சாவி ஒன்று உண்டு. அது அந்தந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். சாவியை மாற்றினால், ஏற்கனவே கொடுத்த சீட்டுகள் அன்றைக்கே செல்லாமல் போய்விடும் அல்லவா? அதற்காகப் பழைய சாவிக்கும் ஓர் இடம் வைத்து, இரண்டில் எதனால் போட்ட முத்திரையானாலும் பரண் ஏற்றுக்கொள்ளும்படி செய்யப்பட்டிருந்தது. சாவியை ஒருமுறைகூட மாற்றாத இடங்களில் அந்தப் பழைய சாவியின் இடம் காலியாக இருக்கும். பரண் அந்தக் காலியையும் ஒரு சாவியாகவே எடுத்துக்கொண்டது. காலிச் சாவியால் யார் வேண்டுமானாலும் முத்திரை போடலாம். பரண் தலையாட்டிவிட்டுக் கோப்பைக் கையில் கொடுத்துவிடும்.

பூட்டக்கா தன் மடிக்கணினியில் புதிதாக ஒரு பரணை நிறுவினாள். காலிச் சாவியால் ஒரு முத்திரை போட்டாள். கதவு திறந்துகொண்டது. இன்னொரு முறை செய்து பார்த்தாள், மறுபடியும் திறந்தது. அந்தப் பகுதியை எழுதியது அவளேதான், மூன்று வருஷத்துக்கு முன்னால். ஊரையெல்லாம் பூட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டு திரிந்தவள், தன் வீட்டு வாசலை ஆவென்று திறந்து போட்டிருக்கிறாள்.

திருத்தம் நான்கே வரி. எழுதி, சோதித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சாவியை ஒருமுறை மாற்றிவிட்டால் பழைய இடம் நிரம்பிவிடும், ஓட்டை அடைபடும் என்று நாய் ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குப் பதில் அனுப்பினாள். பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அத்தானின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

அத்தான் அன்று இஸ்திரி கலையாத சட்டை போட்டிருந்தார். கம்பெனியை வாங்க வருகிறவர்கள் ஒரு வாரமாக வந்து போய்க்கொண்டிருந்தார்கள். கணக்கு, நிரல், ஆட்கள் என்று எல்லாவற்றையும் குடைந்து பார்த்துக் கையெழுத்துப் போட இன்னும் முப்பது நாள் இருந்தது. பூட்டக்கா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவரும் பழைய நிரல்காரர். பாதியிலேயே புரிந்துகொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம வாடிக்கையாளர்ல எத்தனை பேருக்கு இது இருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை. அவங்களுக்கு நாமதான் மாசா மாசம் சாவி மாத்தறோம். இலவசமா வச்சிருக்கறவங்களுக்குத்தான். அவங்க யாரும் சாவியே மாத்தறதில்லை."

அத்தானின் தோள் இறங்கியது. நிம்மதியில் இறங்கிய தோள் அது. பூட்டக்காவுக்கு அவர்மேல் முதல் கோபம் அதைப் பார்த்ததும் வந்தது.

"அப்ப நம்ம தலைவலி இல்லையே" என்றார். "மத்தவங்கதானே."

"மத்தவங்கன்னா யாரு?"

"மத்தவங்க. எனக்கென்ன தெரியும் யாருன்னு. நமக்கு ஒரு பைசா குடுக்காதவங்க. இதோ பாரு, நான் சரி பண்ண வேண்டாம்னு சொல்லலை. முப்பது நாள் பொறு. கையெழுத்து ஆகட்டும். அப்புறம் நீயே ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிச்சுக்கோ. இப்ப பாதுகாப்புல ஓட்டைன்னு வெளியில வந்தா அவங்க எழுந்து போயிடுவாங்க. இங்க நாப்பது பேர் வேலை பாக்கறாங்க."

"ஏற்கனவே ஒருத்தன் உள்ள போய்ட்டு வந்திருக்கான், அத்தான்."

"எங்க போனான்? நாய் ஆஸ்பத்திரிக்கு. எதை எடுத்தான்? நாயோட எக்ஸ்ரே. ஏம்மா, ஒரு நாயோட எலும்புக்காக நான் கம்பெனியை விக்காம இருக்கணுமா?"

"இன்னிக்கு நாய். நாளைக்கு?"

"நாளைக்குப் பூனை" என்று அத்தான் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பூட்டக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஏறியது. ஒரே மின்விசிறிக்குக் கீழே வேர்த்து வடிந்துகொண்டு, யாருக்காக இதை எழுதுகிறோம் என்று அவளுக்கே பாடம் எடுத்த மனுஷன். வாடகை கட்ட முடியாதவனுக்கும் பூட்டு வேண்டும் என்று அன்றைக்குச் சொன்ன வாய்தான் இன்று பூனை என்கிறது. மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்துச் சுவரில் அடித்தால் என்ன என்று ஒரு கணம் பார்த்தாள். மடிக்கணினியைப் படாரென்று மூடிவிட்டு வெளியே வந்தாள்.

தானே திருத்தத்தை வெளியிட்டிருக்கலாமே என்றால், அதற்கு வழியில்லை. வழியை அடைத்ததும் அவள்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அத்தான் யாரிடமும் காட்டாமல் ஒரு புதுப் பதிப்பை வெளியிட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போய்விட்டார். இடைவேளை வருவதற்குள் அந்தப் பதிப்பு எழுபது பேருடைய கோப்புகளைத் தின்றுவிட்டது. அந்த ஆத்திரத்தில் பூட்டக்கா ஒரு விதி எழுதினாள். மூன்று பேரிடம் மட்டும் கையொப்பச் சாவி இருக்கும். இரண்டு பேர் கையொப்பம் போட்டால்தான் பதிப்பு வெளியே போகும். விதியைக் காகிதத்தில் விட்டுவைக்கவில்லை. இரண்டு கையொப்பம் இல்லாத எதையும் உலகத்திலுள்ள எந்தப் பரணும் வாங்கிக்கொள்ளாதபடி நிரலிலேயே இறக்கிவிட்டாள்.

பதிப்பு வெளிவராமல் அறிவிப்பு மட்டும் போட்டுப் பயனில்லை. அதை முதலில் படிப்பவன் திருடன்தான். நாய் ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் அறிவிப்பைத் தேடிப் படிக்க ஆள் கிடையாது. ஆனால் இரண்டு கையொப்பத்தோடு பதிப்பு வெளிவந்துவிட்டால், ஒவ்வொரு பரணும் யாரும் சொல்லாமலே ஒரு மணி நேரத்துக்குள் அதை எடுத்து மாட்டிக்கொள்ளும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனாள். போனாள் என்றால் இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறினாள், அவ்வளவுதான். அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வேலை விட்டு வந்து, காலை நீட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். பூட்டக்கா உட்காராமல் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

அக்கா கடைசிச் சட்டையையும் மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். வாசற்கதவுப் பக்கம் ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். இரண்டு வீட்டுச் சாவிகளுக்கு நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று தொங்கியது. அத்தானின் கையொப்பச் சாவி. கார்ச் சாவி மட்டும்தான் அவர் கையோடு போகும்.

"இந்தா. பின் நம்பர் எங்க கல்யாண நாள். அதுலயாவது ஞாபகம் வச்சிருக்காரேன்னு நான் சந்தோஷப்பட்டுக்கறேன்."

பூட்டக்கா அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். இரண்டு நிமிஷ வேலை. கீழே போய் மடிக்கணினியில் சொருகி, எட்டு எண்ணைத் தட்டினால் போதும். உலகத்திலுள்ள எல்லா இலவசப் பரணும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பூட்டிக்கொள்ளும். அவர் செய்ததற்கு அவருக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று மனசு துள்ளியது. சாவி கையில் வேர்த்தது.

திரும்ப ஆணியில் மாட்டினாள்.

"ஏண்டி?" என்றாள் அக்கா.

"அந்த விதியை அவருக்கு மட்டும் எழுதலைக்கா. எனக்கும் சேத்துத்தான் எழுதினேன். கோபம் வந்த ஒருத்தர் தனியா எதையும் வெளியில விடக் கூடாதுன்னுதான் ரெண்டு கையொப்பம். அவர் பேர்ல நானே போட்டா அது ஒரு கையொப்பம்தான்."

"அப்ப முப்பது நாள் திறந்து கிடக்கட்டும்கிறியா?"

"இல்லை."

"பின்ன என்னதான் பண்ணப் போற?" அக்காவுக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. "நல்லாக் கோபப்படத் தெரியுது உனக்கு. ஒருத்தரையாவது கூட வச்சுக்கத் தெரியலை. மூணு பேர்னு சொல்ற. மூணாவதா ஒருத்தர் இருந்தாரே, பறவைப் படம் போட்டவர், அவர் எங்க?"

பூட்டக்கா நடையை நிறுத்தினாள்.

ஆந்தை. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஆணா பெண்ணா, எந்த நாடு என்று தெரியாது. பெயருக்குப் பதில் ஆந்தைப் படம் ஒன்று. ஐந்து வருஷம் சம்பளமில்லாமல் பரணுக்கு வேலை செய்தவர். யாருக்கும் வலிக்காமல், சந்தேகம் கேட்பதுபோலவே குறை சொல்லுவார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். மூன்று வருஷமாக ஆளைக் காணவில்லை. எல்லாரையும்போல இவருக்கும் அலுத்துப் போயிருக்கும் என்று பூட்டக்கா நினைத்துக்கொண்டாள், பிறகு மறந்தும் போனாள். அவருடைய சாவியை மட்டும் யாரும் நீக்கவில்லை.

கீழே தன் வீட்டுக்கு வந்து, ஆந்தை கடைசியாக என்ன எழுதினார் என்று தேடினாள். புகார் எண் 1184 கிடைத்தது.

"பழைய சாவியின் இடம் காலியாக இருந்தால் என்ன ஆகும்? எனக்குத்தான் புரியாமல் இருக்கலாம். ஆனால் காலிச் சாவியால் போட்ட முத்திரை ஏற்கப்படும் என்று தோன்றுகிறது. நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா?"

அதற்குக் கீழே, பதினோரு நிமிஷம் கழித்து, பூட்டக்காவின் பதில்.

"சாவி மாற்றாத சோம்பேறிகளுக்காக நான் நிரல் எழுதுவதில்லை. ஆவணத்தைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கவும். புகார் மூடப்படுகிறது."

அந்தப் பதிலுக்குக் கீழே ஐந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். ஒருவர் அத்தான்.

பூட்டக்கா தன் பதிலின் தேதியைப் பார்த்தாள். அன்றைக்கு எதன்மேல் கோபம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. பேருந்து தாமதமாக வந்திருக்கலாம், கூட்டம் நீண்டிருக்கலாம். பதினோரு நிமிஷத்தில் அவள் நிரலைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள். சோம்பேறி என்று யாரைச் சொன்னாள்? வரவேற்பில் உட்கார்ந்துகொண்டு, நாய்களையும் தொலைபேசியையும் நாய்க்காரர்களையும் சமாளித்துக்கொண்டு, நான் தப்பாக அழுத்திவிட்டேனா என்று பயந்து கேட்கிற பெண்ணைத்தான். அத்தான் மத்தவங்க என்றார். அவள் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சோம்பேறிகள் என்று எழுதிவைத்துவிட்டாள். காலையிலிருந்து அத்தான்மேல் எரிந்துகொண்டிருந்ததெல்லாம் இப்போது அவள்மேலேயே திரும்பியது. அது இன்னும் சூடாக இருந்தது.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. புகார்கள் எல்லாருக்கும் திறந்தே கிடப்பவை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஆந்தை எழுதியதும், அதை அடைக்க மாட்டேன் என்று பூட்டக்கா எழுதியதும் மூன்று வருஷமாக ஒரே பக்கத்தில் இருந்திருக்கின்றன. நாய் ஆஸ்பத்திரிக்குள் போனவன் பெரிய மூளைக்காரனாக இருக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்தால் போதும்.

ஆந்தைக்கு எழுத உட்கார்ந்தாள். முதல் கடிதம் ஒரு பக்கம் வந்தது. வேலைச் சுமை, கம்பெனி நெருக்கடி, அந்த நாட்களில் உடம்பு சரியில்லை என்று காரணங்கள் வரிசையாக வந்தன. படித்துப் பார்த்தாள். ஒரே பூசி மெழுகல். அழித்தாள். இரண்டாவதில் மன்னிப்பு நாலு இடத்தில் வந்தது, அதையும் அழித்தாள். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "1184 சரி. நீங்கள் சொன்னது சரி, நான் படிக்காமல் மூடினேன். சோம்பேறி நான்தான். ஒருவன் அந்த வழியாக உள்ளே நுழைந்துவிட்டான். திருத்தம் இணைத்திருக்கிறேன். எங்கள் முதலாளி கையொப்பம் போட மாட்டார். நீங்கள் பார்த்து, சரியென்று பட்டால் போடுங்கள். கேட்க எனக்கு முகமில்லை. கேட்கிறேன்."

வியாழக்கிழமை அலுவலகத்தில் அவள் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரர் காலையிலேயே ஜன்னலோரம் குடிபெயர்ந்துவிட்டார். மதியம் இரண்டு நாற்பதுக்குப் பதில் வந்தது.

"நிரலைப் படித்தேன். மூன்றாம் வரியில் ஒரு சந்தேகம். சாவியின் இடத்தில் வெறும் இடைவெளி மட்டும் இருந்தால் அதுவும் காலிதானே? உங்கள் திருத்தம் அதை விட்டுவிடுகிறது என்று தோன்றுகிறது. நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா?"

பூட்டக்காவுக்கு ஜிவ்வென்று ஏறியது. பழக்கதோஷம். இருபது வருஷ அனுபவக்காரியிடம் வந்து மூன்றாம் வரி என்கிறார். விரல்கள் விசைப்பலகைமேல் போய் நின்றன. பிறகு கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நிரலைத் திறந்து, மூன்றாம் வரியைப் படித்தாள். ஆந்தை சொன்னது சரி.

திருத்தினாள். "சரிதான். நன்றி" என்று எழுதினாள். பத்து நிமிஷத்தில் மறுபடியும் பதில்.

"கையொப்பம் போட்டுவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். அறிவிப்பில் 1184-ஐ மறைக்க வேண்டாம். மூன்று வருஷமாக, எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

அந்தக் கடைசி வரியைப் பூட்டக்கா இரண்டு முறை படித்தாள். பிறகு அறிவிப்பை எழுதினாள். ஓட்டை என்ன, யாருக்கு ஆபத்து, என்ன செய்ய வேண்டும். கடைசிப் பத்தியில், இதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஆந்தை சொன்னார் என்றும், படிக்காமல் மூடியவள் தான் என்றும் எழுதி, சோம்பேறிகள் என்ற தன் வாக்கியத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே போட்டாள். கீழே தன் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தாள். நான்கு ஐந்துக்குத் தன் கையொப்பத்தைப் போட்டு வெளியிட்டாள்.

நான்கரைக்கு அவளுடைய அலுவலக அனுமதி பறிக்கப்பட்டு, திரை அணைந்தது. அத்தான் தானே நடந்து வந்தார். கழுத்துப் பட்டி வேர்த்திருந்தது. நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என் சாவியைத் தொட்டியா?"

"தொட்டேன். திரும்ப மாட்டிட்டேன். போட்டது ஆந்தை. நீங்களே சரிபாத்துக்கலாம்."

"அவங்க வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. நீ கதவைச் சாத்திட்ட. உன் அக்காகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"அக்காவுக்கு நேத்தே எல்லாம் தெரியும். சொல்ல உங்களுக்கு இன்னும் விஷயம் இருக்கா?"

"மேசையைக் காலி பண்ணு" என்றார் அத்தான். "இன்னிக்கே."

மேசையில் அவளுடையது என்று இருந்தது ஒரு கோப்பையும் விசைப்பலகையும்தான். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் ஜன்னலோரத்திலிருந்து வந்து, பையை வாங்கிக்கொண்டு லிப்ட் வரை கூட நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் அவள் மூடிய பழைய புகார்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினாள். இருநூற்றுச் சொச்சம் இருந்தது. எட்டு மணிக்கு, ஒன்பதாவது புகாரில் இருந்தபோது, தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

"அம்மா, உங்கள் அறிவிப்பில் முகவரி இருந்ததால் எழுதுகிறேன். வீட்டில் அடி தாங்காமல் வெளியேறி வரும் பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றை நடத்துகிறேன். ஒவ்வொருவரைப் பற்றிய குறிப்பும், அடுத்து அவர்கள் எங்கே போகிறார்கள் என்ற விலாசமும் உங்கள் பரணில் இருக்கின்றன. அமைத்துக் கொடுத்த பெண் ஊர் மாறிப் போய்விட்டாள், எனக்கு இதெல்லாம் தெரியாது. நேற்று மாலை 4:50-க்குப் பரண் தானாகப் புதுப்பித்துக்கொண்டதாக ஒரு தகவல் வந்தது. 6:05-க்கு, முத்திரை மறுக்கப்பட்டது என்று நான்கு தகவல்கள் வந்தன. யாரோ முதலில் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். பிறகு ஒரு பெண்ணின் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று எழுத்தை மாற்றி மாற்றி மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவள் இப்போது எங்கள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். உன் கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன். நீங்கள் பார்க்கும் வேலைதானாம். தகவல்களைக் கீழே அப்படியே ஒட்டியிருக்கிறேன். நாங்கள் இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா?"

பூட்டக்கா ஒட்டியிருந்த வரிகளைப் பார்த்தாள். கேட்டவனுடைய கம்ப்யூட்டரின் முகவரி எண் நான்கிலும் ஒன்றே. அந்த எண்ணை எங்கோ பார்த்திருந்தாள். நாய் ஆஸ்பத்திரிப் பெண்ணின் கடிதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அதே எண். காலிச் சாவி வேலை செய்கிறதா என்று அவன் செவ்வாய்க்கிழமை நாய்களிடம் ஒத்திகை பார்த்திருக்கிறான்.

சாவியை மாற்றுவது எப்படி, இந்த வரிகளைக் காவல்துறையிடம் எந்த வடிவில் கொடுப்பது, அந்தப் பெண்ணை உடனே வேறு இடத்துக்கு மாற்றுவது நல்லது என்று விரிவாகப் பதில் எழுதி அனுப்பினாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கார்ச் சாவி குலுங்கும் சத்தம் அது யாரென்று சொல்லிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றாள்.

அத்தானின் கண்கள் சிவந்திருந்தன. இறங்கிக்கொண்டிருந்தவர் நின்றார்.

"போய்ட்டாங்க" என்றார். "ராத்திரியே சொல்லிட்டாங்க. சந்தோஷமா? நான் என்ன கேட்டேன் உன்கிட்ட? முப்பது நாள். முப்பதே நாள்தானே கேட்டேன்."

பூட்டக்கா அந்த மின்னஞ்சலைக் கைப்பேசியில் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார். பாதியில் நின்று, மேலே தள்ளி, மறுபடி முதலிலிருந்து படித்தார். பழைய நிரல்காரர். 4:50-க்கும் 6:05-க்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒண்ணேகால் மணி நேரம், அத்தான்" என்றாள். "உங்களுக்கு முப்பது நாள் இருந்துச்சு. அவளுக்கு இருந்தது இவ்வளவுதான்."

அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அக்கா கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"யாரு இவங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"மத்தவங்க" என்றாள் பூட்டக்கா.